துணிக்குள் யார் உட்காருவது

1. சாய்ந்த ஸ்டாண்டு

செங்கேணி துணியைப் பிடித்து இழுத்த வேகத்தில் லைட் ஸ்டாண்டு சாய்ந்தது. நான் அதை ஒரு கையால் தாங்கிக்கொண்டேன். இன்னொரு கையில் கேமரா. ஸ்டூலில் உட்கார்ந்திருந்த சங்கீதா குழந்தையோடு எழுந்துவிட்டாள். குழந்தை அழவில்லை. விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தது.

"இன்னா வேல பண்ற நீ?" என்று செங்கேணி என்னைக் கேட்டார். "தாலி கட்டிக்கினவ தல மேல வெள்ளத் துணியப் போத்துற. எம்புள்ள உசுரோட கீறான்."

அந்தத் துணியை எத்தனையோ பேர் மேல் போர்த்தியிருக்கிறேன். ஒருவரும் இப்படிக் கேட்டதில்லை.

செங்கேணி மாமியார். சங்கீதா மருமகள். ஊர் பனித்திட்டு, கடலோர மீனவக் கிராமம். குழந்தைக்கு பாஸ்போர்ட் போட்டோ எடுக்க பாகூரில் இருக்கும் என் ஸ்டுடியோவுக்கு வந்திருந்தார்கள்.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் என்னிடம் அதிகம் கேட்பது இதைத்தான். கைக்குழந்தைக்கு பாஸ்போர்ட் படம் எப்படி எடுப்பது? அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். லைட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்வேன். மீதி அந்தத் துணியைப் பற்றி.

2. நான் பழகிய விதம்

ஸ்டுடியோ என் வீட்டுக்காரர் ஆரம்பித்தது. நான் ஐந்தாவது வரை படித்தவள். கல்யாணம் ஆகி வந்ததும் கடையில் எனக்கு ஒரு வேலை கொடுத்தார். குழந்தைகளைப் பார்த்துக்கொள்வது. சட்டை மாட்டுவேன், பவுடர் போடுவேன், தலை சீவுவேன், சிரிக்க வைப்பேன். அவர் படம் எடுப்பார்.

அது ஃபிலிம் காலம். குழந்தை கண்ணை மூடினால் அந்த ஃபிலிம் வீண். கழுவிப் பார்த்த பிறகுதான் மூடியது தெரியும். அதனால் நான் குழந்தையின் இமையைப் பார்க்கப் பழகினேன். இமைத்து முடித்த உடனே கண் முழுசாகத் திறக்கும். அந்த நேரம் "ம்" என்பேன். அவர் அமுக்குவார். படம் எடுப்பதில் நான் முதலில் கற்றது இதுதான். கேமராவைத் தொட்டது ரொம்பப் பின்னால்.

அவர் இறந்த பிறகு கடையை மூடச் சொன்னார்கள். எனக்கு வேறு வேலை தெரியாது. திறந்தேன். முதல் பிறந்தநாள் படத்துக்கு என்னிடம் வரச் சிலர் யோசித்தார்கள். புருஷன் இல்லாதவள் குழந்தையைத் தொட்டு அலங்காரம் பண்ணுவதா என்று. பிறகு அவர்களே வந்தார்கள். படம் நன்றாக வந்தது. வேறு காரணம் இல்லை.

இப்போது எல்லார் கையிலும் போன் இருக்கிறது. சும்மா படம் எடுக்க யாரும் ஸ்டுடியோவுக்கு வருவதில்லை. முதல் பிறந்தநாளுக்கு வருவார்கள். கிருஷ்ணர் வேஷம் போட்டுக் கூட்டி வருவார்கள். பள்ளிக்கூடத்தில் சேர்க்க வருவார்கள். அப்புறம் பாஸ்போர்ட். எங்கள் பக்கம் வெளிநாட்டில் வேலை செய்கிற ஆண்கள் நிறைய. பெண்டாட்டி பிள்ளையைக் கூட்டிக்கொள்ளக் கம்பெனி சம்மதித்துவிட்டது என்றால் வீட்டில் உள்ளவர்கள் நேராக இங்கேதான் வருவார்கள். பெரியவர்களை பாஸ்போர்ட் ஆபீசிலேயே படம் எடுத்துக்கொள்வார்கள். கைக்குழந்தைக்கு மட்டும் நாம் படம் கொண்டுபோக வேண்டும்.

3. துணி எதற்கு

பிறந்தநாள் படத்தில் குழந்தை நாக்கை நீட்டலாம். கால் விரலைக் கடிக்கலாம். தொப்பியைப் பிடித்து இழுக்கலாம். எல்லாம் அழகுதான். பாஸ்போர்ட் படத்தில் அது ஒன்றும் நடக்காது. பின்னால் வெள்ளையாக இருக்க வேண்டும். முகம் நேராக, இரண்டு கண்ணும் திறந்து, வாய் மூடி இருக்க வேண்டும். முகத்தில் நிழல் கூடாது. தலைக்குப் பின்னாலும் கூடாது. யாருடைய கையும் தெரியக் கூடாது.

உட்காரத் தெரியாத குழந்தையை யாராவது பிடித்தே ஆக வேண்டும். பிடிக்கிறவர் படத்தில் இருக்கக் கூடாது. அதற்குத்தான் துணி.

அம்மாவை ஸ்டூலில் உட்கார வைப்பேன். தலையிலிருந்து கால் வரை வெள்ளைத் துணியைப் போர்த்துவேன். அதன் மேல் குழந்தையை மடியில் உட்கார வைப்பேன். அம்மா துணிக்கு உள்ளே இருந்தபடியே குழந்தையை அக்குளில் தாங்கிக்கொள்வாள். துணியைப் பின்பக்கம் இழுத்து கிளிப் போட்டுவிட்டால் சுருக்கம் போய்விடும். கேமராவில் பார்த்தால் குழந்தையும் வெள்ளைச் சுவரும்தான். அந்தச் சுவருக்குச் சூடு இருக்கும், வாசனை இருக்கும். அதனால் குழந்தை அழாது.

துணி கெட்டியாக இருக்க வேண்டும். வேட்டி உதவாது. லைட் பட்டால் உள்ளே இருப்பவரின் சேலை நிறம் தெரியும். குழந்தைக்கு அடர் நிறச் சட்டை போட வேண்டும். வெள்ளைச் சட்டை போட்டால் தலை மட்டும் மிதக்கும். இரண்டு பக்கமும் சாஃப்ட்பாக்ஸ், அதாவது வெளிச்சத்தை மென்மையாக்கும் துணிப் பெட்டி, வைக்க வேண்டும். ஃப்ளாஷ் வேண்டாம், எல்.இ.டி. போதும். ஃப்ளாஷ் அடித்தால் குழந்தை திடுக்கிடும். கிலுகிலுப்பை ஆட்டாதீர்கள். அதைப் பிடிக்கக் கை நீட்டும். லென்ஸுக்குப் பக்கத்தில் சிப்ஸ் பாக்கெட்டைக் கசக்குங்கள். சத்தம் எங்கே என்று நேராகப் பார்க்கும்.

கம்ப்யூட்டரில் பின்னணியை மாற்றிவிடலாமே என்பார்கள். குழந்தையின் தலைமுடி பஞ்சு மாதிரி. ஓரத்தை வெட்டினால் கத்தரிக்கோல் போட்டது தெரியும். திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

4. பனித்திட்டில் இருந்து வந்தவர்கள்

சங்கீதாவுக்கு அப்படித்தான் திரும்பி வந்திருந்தது. வீட்டில் போனில் எடுத்து, ஏதோ ஆப்பில் பின்னணியை வெள்ளையாக்கிக் கொண்டுபோயிருக்கிறாள். இந்தப் படம் ஆகாது, வேறு கொண்டு வா என்று சொல்லிவிட்டார்கள். மறுநாள் காலையில் மறுபடியும் வரச் சொல்லியிருந்தார்கள்.

அவள் புருஷன் வினோத்துக்குக் கத்தாரில் ஏ.சி. மெக்கானிக் வேலை. அவன் ஊரிலிருந்து போகும்போது குழந்தை வயிற்றில் இருந்தது. போனில் பார்த்ததோடு சரி.

"கொம்யூன் பஞ்சாயத்து ஆபீசுல பொறப்பு சர்டிபிகேட் வாங்கியாச்சிக்கா. எல்லாம் ரெடி" என்றாள் சங்கீதா. "இந்த போட்டோ ஒண்ணுதான். விசாவுக்கு எழுதிக் குடுக்கக் கம்பெனி சொன்ன தேதி முடியப் போவுது. நாளைக்கும் திருப்பிட்டாங்கன்னா அவரு மறுபடி மொதல்ல இருந்து எழுதிக் குடுக்கணும். கம்பெனில இன்னொரு தடவ குடுப்பாங்களான்னு அவருக்கே தெரியல."

செங்கேணி மீன் விற்றுவிட்டு நேராக வந்திருந்தார். கூடையை வாசலுக்கு வெளியே வைத்துவிட்டு உள்ளே வந்தார். குழந்தையை அவர்தான் வைத்திருந்தார். கன்னத்தில் பெரிய திருஷ்டிப் பொட்டு.

"பொட்ட எடுத்துடணும்மா" என்றேன்.

"பொட்டு இல்லாம படம் புடிச்சா ஊரு கண்ணெல்லாம் புள்ள மேலதான்."

"பாஸ்போர்ட்ல கறுப்பா தெரிஞ்சா மச்சம்னு நெனப்பாங்க. அப்பறம் மச்சம் எங்கன்னு கேப்பாங்க."

அவர் யோசித்தார். முந்தானையால் கன்னத்துப் பொட்டைத் துடைத்தார். பையில் இருந்து மை டப்பாவை எடுத்து, குழந்தையின் உள்ளங்காலில் ஒரு பொட்டு வைத்தார்.

"காலு தெரியாதில்ல?"

"தெரியாது."

"அது போதும்."

பேசினால் புரிந்துகொள்கிற ஆள் என்று நினைத்தேன். சங்கீதாவை ஸ்டூலில் உட்கார வைத்தேன். துணியை உதறி அவள் தலைமேல் போட்டேன். அப்போதுதான் அவர் பாய்ந்து இழுத்தார்.

5. செங்கேணி சொன்னது

ஸ்டாண்டை நிமிர்த்தி வைத்தேன். பல்ப் உடையவில்லை.

"அத்த, அது போட்டோக்குத்தான்" என்றாள் சங்கீதா. "நான் தெரியக் கூடாதாம்."

"தெரியக் கூடாதுன்னா பச்சையப் போத்தட்டும். செவப்பப் போத்தட்டும்."

"வெள்ளதான் கேக்குறாங்க" என்றேன்.

"கேக்கறவனுக்குப் பொண்டாட்டி இல்லியா?"

சங்கீதாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டாள். செங்கேணி சிரிக்கவில்லை. துணியைச் சுருட்டி இடுப்பில் இடுக்கிக்கொண்டு நின்றார்.

"சுனாமி அலை வந்தன்னிக்கு எங்கூர்ல வரிசையா போட்டு வெச்சிருந்தாங்க. எல்லாம் வெள்ளத் துணி. எந்தத் துணிக்குள்ள எம் புருசன் கீறாருன்னு ஒண்ணொண்ணா தூக்கிப் பாத்துகினே போனவ நானு. எம்புள்ள என் சேலையப் புடிச்சிகினு கூடவே வந்தான். எம் மருமவள அந்த மாரி உக்கார வெச்சி நான் பாக்க மாட்டேன்."

பிறகு அவரே என்னைப் பார்த்துச் சொன்னார்.

"ஒனக்கும் புருசன் இல்ல. எனக்கும் இல்ல. ரெண்டு பேரும் பக்கத்துல நின்னுகினு அவ மேல போயி அதப் போத்தறமே. நல்லாவா கீது?"

எனக்குக் கோபம் வரவில்லை. துணி எனக்கு லைட் ஸ்டாண்டு மாதிரி ஒரு சாமான். அவருக்கு அப்படி இல்லை. இதில் யார் சரி என்று பார்த்துக்கொண்டிருக்க நேரம் இல்லை. மறுநாள் காலையில் படம் வேண்டும்.

6. வேறு வழிகள்

முதலில் தரையில் படுக்க வைத்து எடுத்துப் பார்த்தேன். பாய் போட்டு அதன் மேல் துணியை விரித்தேன். செங்கேணி அதற்கு ஒன்றும் சொல்லவில்லை. பிள்ளையைத் துணி மேல் போட்டால் பரவாயில்லை, துணியை ஆள் மேல் போட்டால்தான் ஆகாது. நான் ஸ்டூல் மேல் ஏறி, குனிந்து, மேலிருந்து எடுத்தேன்.

மூன்று மாதக் குழந்தை என்றால் படுத்தபடி இருக்கும். இது குப்புற விழக் கற்றுக்கொண்ட பிள்ளை. மல்லாக்கப் போட்டதும் ஒருக்களித்தது. பிறகு கவிழ்ந்தது. திருப்பிப் போட்டோம். மறுபடி கவிழ்ந்து தலையைத் தூக்கி என்னைப் பார்த்தது.

"துள்றத பாரு. வலையில இருந்து எடுத்துப் போட்ட மாரி" என்றார் செங்கேணி. அவர் முகத்தில் அப்போதுதான் கொஞ்சம் சந்தோஷம். "அவங்கப்பனும் இப்டித்தான். ஒரு எடத்துல இருக்க மாட்டான்."

சங்கீதா கையையும் காலையும் பிடித்துப் பார்த்தாள். பிடித்தால் குழந்தை முகம் சுளித்தது. படத்தில் அவள் கையும் விழுந்தது. விட்டுவிட்டோம்.

"நீயே உக்காந்துக்கயேன்" என்றார் செங்கேணி.

"நான் உக்காந்தா யாரு எடுக்கறது?"

"இன்னா, பட்டன தான அமுக்கணும்? நா அமுக்கறேன்."

எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனால் வேறு வழியும் இல்லை. ஃபோகஸ் வைத்துக் கேமராவை அவர் கழுத்தில் மாட்டிவிட்டேன். எதை அமுக்க வேண்டும் என்று காட்டினேன். ஸ்டூலில் உட்கார்ந்து துணியைப் போர்த்திக்கொண்டேன்.

அந்தத் துணிக்குள் நான் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. ஃபிலிம் காலத்தில் குழந்தையைப் பிடிக்கும்போது துணி கிடையாது. இத்தனை பேரை உட்கார வைத்திருக்கிறேன், நான் உட்கார்ந்ததில்லை. உள்ளே புழுங்கியது. மூச்சு விட்டால் துணி வாயில் வந்து ஒட்டியது. வெளியே நிற்பவர்கள் நிழலாகத் தெரிந்தார்கள். பேசுவது கேட்டது. ஆனால் தள்ளி நின்று பேசுவது மாதிரி இருந்தது.

சங்கீதா குழந்தையை என் மடியில் வைத்தாள். அது ஒரு நிமிஷம் சும்மா இருந்தது. பிறகு தெரிந்துவிட்டது, பழகின உடம்பு இல்லை என்று. கத்த ஆரம்பித்தது. செங்கேணி அமுக்கிக்கொண்டே இருந்தார். சத்தம் கேட்டது.

துணியை எடுத்துவிட்டு வந்து பார்த்தேன். ஃபேன் இருந்தது. சுவரில் மாட்டிய கடிகாரம் இருந்தது. சங்கீதாவின் பாதி முகம் இருந்தது. குழந்தையின் ஒரு காது ஒரு படத்தில் விழுந்திருந்தது.

"ஏ அத்த, புள்ளைய உட்டுட்டு ஃபேனப் புடிச்சி வெச்சிகீற" என்றாள் சங்கீதா.

"ஃபேனு அழாம கீது. அத அனுப்பு."

மூன்று பேரும் சிரித்தோம். குழந்தை அழுகையை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தது. நல்ல நேரம் என்று நினைத்து நான் சொன்னேன்.

"நீங்க உக்காருங்கம்மா. ஆயாகிட்ட புள்ள இருப்பான். நீங்க உக்காந்தா அந்தத் தாலிப் பேச்சும் இல்ல."

செங்கேணியின் சிரிப்பு நின்றது.

7. மருமகள் கேட்டது

"எனக்கு மூச்சு முட்டும்" என்றார்.

"ஒரு நிமிசந்தாம்மா."

"கூட வெளிய கீது. நாயி வரும்."

"காலிக் கூடதான அத்த" என்றாள் சங்கீதா.

செங்கேணியின் முகத்தை நான் பார்த்தேன். துணிகளைத் தூக்கிப் பார்த்துக்கொண்டு போனவரை உள்ளே உட்காரச் சொல்லிவிட்டேன் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. சொன்னதைத் திரும்ப எடுக்க முடியாது.

சங்கீதா வேறு மாதிரி புரிந்துகொண்டாள். குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, அமைதியாகத்தான் கேட்டாள்.

"துணி இல்ல அத்த. நாங்க போறது ஒனக்குப் புடிக்கல."

"இன்னாடி சொல்ற?"

"வூட்ல போட்டோ எடுத்தப்போ ஜன்னலத் தொறக்காத, புள்ளைக்குக் காத்து ஆவாதுன்ன. இருட்டுல எடுத்தேன். அதுக்குத்தான் அந்த ஆப்புல போட வேண்டியதாச்சி. இன்னிக்குக் காலைல வர சொன்னேன், மீன் வித்துட்டு வரேன்ன. இப்ப வெள்ளத் துணின்ற. உள்ள நான் உக்காரவும் கூடாது. நீயும் உக்கார மாட்ட. அப்பறம் எப்டி?"

நான் வெளியே போய்விடலாம் என்று நினைத்தேன். சின்னக் கடை. அவர்கள் இரண்டு பேரும் வாசல் பக்கம் நின்றார்கள்.

செங்கேணி அவள் பக்கம் திரும்பினார்.

"புடிக்கலதான்" என்றார். "எவளுக்குப் புடிக்கும்? நீங்க ரெண்டு பேரும் போய்ட்டா அந்த வூட்ல நானும் சொவருந்தான். இவன் நடக்கறதையும் பாக்க மாட்டேன். பேசறதையும் பாக்க மாட்டேன். அதுக்காவ போவாதன்னு சொன்னனா? சொல்லு. ஒரு வார்த்த சொன்னனா?"

"சொல்லல."

"எம்புள்ள அப்பன் செத்துப் போயி, அப்பன் இல்லாம வளந்தான். இவன் அப்பன வெச்சிகினே இல்லாம வளரணுமா?"

செங்கேணி இடுப்பில் இடுக்கியிருந்த துணியை எடுத்துப் பார்த்தார். எப்போது மறுபடி அதைச் சுருட்டி எடுத்துக்கொண்டார் என்று நான் கவனிக்கவில்லை. ஸ்டூலில் போய் உட்கார்ந்தார்.

நான் போர்த்திவிடக் கை நீட்டினேன்.

"நீ உடு" என்றார். "நானே போத்திக்கறேன்."

துணியைப் பிரித்தார். ஒருமுறை மருமகளைப் பார்த்தார். குழந்தையைப் பார்த்தார். பிறகு தலை வழியாக இழுத்து மூடிக்கொண்டார். துணிக்குள் இருந்து கை மட்டும் நீண்டது.

"குடு அவன."

8. படம்

குழந்தை அந்த மடியில் உட்கார்ந்ததும் சாய்ந்துகொண்டது. துணியைப் பின்னால் இழுத்து கிளிப் போட்டேன். மெதுவாகத்தான் போட்டேன். செங்கேணியின் கைகள் உள்ளே இருந்து குழந்தையைத் தாங்கின. அளவாகத் தாங்கின. சின்ன வயது அம்மாக்கள் பயத்தில் அழுத்திப் பிடிப்பார்கள், குழந்தையின் தோள் ஏறிவிடும். இவர் அப்படிப் பிடிக்கவில்லை.

"பேசக் கூடாதும்மா. பேசினா புள்ள உங்களத் தேடும்."

"ம்."

சிப்ஸ் பாக்கெட்டைக் கசக்கினேன். குழந்தை நேராகப் பார்த்தது. வாய் திறந்திருந்தது. காத்திருந்தேன். எச்சில் வடிந்தது. சங்கீதா துடைத்துவிட்டு விலகினாள். மறுபடி கசக்கினேன். வாய் மூடியது. இமைத்தது. திறந்தது. அமுக்கினேன். இன்னும் சில எடுத்தேன்.

திரையில் பெரிதாக்கிப் பார்த்தேன். கண் திறந்திருந்தது. நிழல் இல்லை. சுருக்கம் இல்லை. விரல் இல்லை.

"வந்துடுச்சி" என்றேன்.

படம் வந்ததும் துணியை உடனே எடுத்துவிடுவது என் வழக்கம். உள்ளே புழுக்கம் என்பது அன்றைக்குத்தான் எனக்கே தெரியும். அதனால் வேகமாகத்தான் போனேன். சங்கீதாவும் கை நீட்டினாள்.

"இருங்க" என்று உள்ளே இருந்து குரல் வந்தது.

நின்றோம்.

துணி மூச்சுக்கு ஏறி இறங்கியது. குழந்தை துணியை ஒரு கையால் பிடித்து வாயில் வைத்துச் சப்பிக்கொண்டிருந்தது. நான் லைட் இரண்டையும் அணைத்தேன், சூடு குறையட்டும் என்று. வெளியே பஸ் ஒன்று ஹார்ன் அடித்துப் போனது. சங்கீதா என்னைப் பார்த்தாள். நான் தலையசைத்தேன். அவள் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

பிறகு செங்கேணியே துணியைத் தலைக்கு மேல் தூக்கி எடுத்தார். முகம் முழுக்க வேர்வை. முடி கலைந்திருந்தது. சங்கீதா தன் துப்பட்டாவால் அவர் முகத்தைத் துடைத்தாள்.

"உடுடி. மேக்கப்பா கலையப் போவுது."

சங்கீதா விடவில்லை. கழுத்தையும் துடைத்துவிட்டாள். செங்கேணி குழந்தையை இடுப்பில் மாற்றிக்கொண்டு கேமராவுக்கு அருகில் வந்தார்.

"எங்க, காட்டு."

காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தார்.

"நான் எங்க கீறன்?"

"எங்கயும் இல்ல."

"நல்லாத்தான் மறச்சிகீற" என்றார்.

பிரிண்ட் போட்டுக் கட்டரில் வெட்டிக் கொடுத்தேன். கவரை செங்கேணி வாங்கவில்லை. மருமகளிடம் கொடுக்கச் சொன்னார். கூடையை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தார்.

9. இப்போது

மறுநாள் மதியம் சங்கீதா போன் செய்தாள். படத்தை எடுத்துக்கொண்டார்கள் என்றாள். தேதி முடிவதற்குள் விசாவுக்குக் கொடுத்து, அது வந்ததும் அவளும் குழந்தையும் போய்விட்டார்கள். செங்கேணி மீன் விற்க என் கடை வழியாகத்தான் போகிறார். நின்று பேசுவதில்லை. அவருக்கும் வேலை, எனக்கும் வேலை.

தொழிலுக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். லைட் வைப்பதை யாரிடமும் கற்றுக்கொள்ளலாம். கேமரா வருஷத்துக்கு ஒன்று மாறும், அதையும் கற்றுக்கொள்ளலாம். துணிக்குள் ஒருவரை உட்கார வைப்பதற்கு முன்னால் நீங்கள் ஒருமுறை உட்கார்ந்து பாருங்கள். எங்கே புழுங்குகிறது, எவ்வளவு நேரம் தாங்கும் என்று தெரியும். அது முதல் பாடம்.

இன்னொன்று. துணியை நான் இப்போது யார் மேலும் போர்த்துவதில்லை. மடித்தபடி வந்தவர்கள் கையில் கொடுத்துவிடுகிறேன். இது வெள்ளைத் துணி, குழந்தையைப் பிடிக்கிறவர் இதைப் போர்த்திக்கொள்ள வேண்டும், யார் உட்காருவது என்று நீங்களே பேசிக்கொள்ளுங்கள் என்று சொல்கிறேன். சிலர் யோசிக்காமல் விரித்துக்கொள்வார்கள். சிலர் வீட்டுக்குப் போன் போடுவார்கள். ஒரு வீட்டில் அப்பா உட்கார்ந்தார். ஒரு வீட்டில் பேச ஆரம்பித்தது சண்டையாகி, நாளைக்கு வருகிறோம் என்று போய், மறுநாள் சேர்ந்து வந்தார்கள்.

அவர்கள் பேசி முடிக்கும்வரை நான் லைட்டைப் போடுவதில்லை. வாசலில் போய் நிற்கிறேன்.